இருபத்தாறு நாள் நிறுத்தி வச்ச மெயில்

நீங்க மெயில் அனுப்புவீயளா அண்ணாச்சி? இந்த வாட்ஸ்அப் மெசேஜ் இல்ல, மெயில். பேங்குக்கோ கரண்டு ஆபீசுக்கோ என்னைக்காவது அனுப்பியிருப்பிய. அனுப்புனதும் போயிருச்சுன்னு காட்டும்லா? அது எங்க போச்சுன்னு நெனச்சுப் பாத்திருக்கியளா?

இல்ல, சும்மாதான் கேட்டேன். இந்த பஸ்ஸு திருநெல்வேலி போய்ச் சேரதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க. நான் பேசாம இருந்தா எனக்குத் தலை வெடிச்சிரும், அதான்.

என் பேரு எபனேசர். ஒரு இன்ஜினியரிங் காலேஜுல மெயில் சர்வர் பாக்கேன். காலேஜ் பேரு வேண்டாம். ஒம்பது வருசம் ஆச்சு. பிள்ளைக, வாத்தியாருக, ஆபீசுன்னு மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு வாரது போறது எல்லாம் எங்கையிலதான். ஒரு மெயிலையும் நான் தொலச்சதில்ல அண்ணாச்சி. இத நீங்க நம்பணும். ஒண்ணு கூட.

மூணு வருசத்துக்கு முந்தி ஒரு கூத்து நடந்துச்சு. எவனோ ஒரு கழிசடப்பய, ஹாஸ்டல் பிள்ளைக அத்தன பேருக்கும் ஒரே மெயில அனுப்பிட்டான். வாயால சொல்ல முடியாது. தாய் தகப்பன்மாரு வேன் புடிச்சு வந்துட்டாவ. பிரின்சிபால் என்னயக் கூப்பிட்டு, இனிமே ஒரு அசிங்கமான வார்த்த இந்தக் காலேஜுக்குள்ள நுழையக்கூடாது, அது உம்ம பொறுப்புன்னு சொல்லிட்டாவ.

ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, மெயில் வாசலுக்கு வரும்போதே நிப்பாட்டிச் சோதிக்கது. கெட்டதுன்னா வாசல்லயே திருப்பி விட்டுரலாம். அனுப்புனவனுக்கும், போகலன்னு தெரிஞ்சிரும். ஆனா சோதிச்சு முடியுத வரைக்கும் அவன் வாசல்ல நிக்கணும். கூட்டம் வந்துச்சுன்னா வாசல் அடச்சுக்கிடும். ரெண்டாவது வழி, எல்லாத்தயும் உள்ள வாங்கி வரிசையில போட்டுட்டு, அனுப்புனவன்கிட்ட 'கெடச்சுது'ன்னு சொல்லி அனுப்பிரது. அதுக்கப்புறம் நிதானமா ஒவ்வொண்ணா சோதிக்கது. நல்லது பொட்டிக்குப் போவும். கெட்டது தனியா ஒரு இடத்துல நிக்கும். அதுக்கு ஹோல்டுன்னு பேரு.

நான் ரெண்டாவதத்தான் எடுத்தேன். திருப்பி அனுப்புனா எந்த வார்த்தையால மாட்டுச்சுன்னு அவன் கண்டுபுடிச்சு, எழுத்த மாத்திப் போட்டு மறுபடி அனுப்புவான். சத்தமில்லாம நிறுத்தி வச்சா அவனுக்குத் தெரியவே தெரியாது. நல்ல யோசனதான அண்ணாச்சி? பிரின்சிபால் கை குடுத்தாவ.

அந்த வார்த்தைகளயெல்லாம் ஒரு பட்டியல் போடணும்லா. ரெண்டு வாரம் உக்காந்தேன். ரூம் கதவப் பூட்டிட்டுத்தான் தட்டச்சு பண்ணுனேன். எனக்கும் ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு, பிளஸ் டூ படிக்கா. கோயில்ல பாட்டுக் குழுவுல பாடுதவன் நான். இந்தக் கையால அதெல்லாம் அடிச்சேன். தமிழ்ல ஒருக்க, இங்கிலீஷ் எழுத்துல தமிழா ஒருக்க, தப்பும் தவறுமா எழுதுனா எப்படி வரும்னு ஒருக்க. முன்னூத்தி ஒரு வார்த்த.

அப்ப குற்றாலநாதன் சார் வந்தாவ. எலக்ட்ரிகல் லேபுல பெரியவரு. என்னய இந்த வேலைக்குச் சொல்லிவிட்டதே அவியதான். பட்டியல வாங்கி மேலருந்து கீழ வர பாத்தாவ. பொம்பளப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பாதுகாப்பு தெரியுமா எபனேசர், ஆனா இத விட்டுட்டீரே, இதயும் விட்டுட்டீரேன்னு ஒரு பதினொரு வார்த்தையச் சொன்னாவ. நான் கேள்விப்படாத வார்த்தையெல்லாம் இருந்துச்சு. எவ்வளவு அக்கறன்னு நெனச்சேன். பட்டியலுக்குக் கடைசியில சேத்துக்கிட்டேன். முன்னூத்திப் பன்னெண்டு ஆச்சு.

ஹோல்டுல நிக்கத முப்பது நாள் வச்சிருப்பேன். அப்புறம் தினமும் சாயந்தரம் நாலு மணிக்கு, முப்பது நாள் தாண்டுனது தானா அழிஞ்சிரும். குப்பையச் சேத்து வச்சு என்ன பண்ண? லாட்டரி, மாத்திர மருந்து, அசிங்கம். இடம்தான் அடைக்கும்.

இப்ப விசயத்துக்கு வாரேன்.

போன மாசம் ஒரு திங்கக்கிழம. ஹால் டிக்கெட் அனுப்புத நாள். மூவாயிரம் பிள்ளைகளுக்கு மூவாயிரம் மெயில், ஒவ்வொண்ணுலயும் ஒரு பைலு. சோதிக்கிற புரோகிராம் ஒவ்வொரு பைலயும் தொறந்து பாக்கணும்லா. திக்குமுக்காடிப் போச்சு. வரிச நாலாயிரம் தாண்டிருச்சு. ஒரு மெயிலு சோதன முடியாம நின்னா, சர்வர் அத ஓரமா வச்சுட்டு அஞ்சு நிமிசம் கழிச்சுப் பாக்கும், அப்புறம் பத்து நிமிசம், அப்புறம் இருவது. அப்படி ஓரமா வச்சதெல்லாம் ஒரே நேரத்துல திரும்பி வரும். ஒரே நேரத்துல ரெண்டு ரெண்டாச் சோதிச்சத எட்டு எட்டாக் கூட்டிப் பாத்தேன். மெமரி பத்தாம மெசினே படுத்துருச்சு. ஒரு வாரம் அண்ணாச்சி. பிள்ளைக ஹால் டிக்கெட் வரலன்னு ரூம் வாசல்ல நிக்காவ, பிரின்சிபால் அரமணிக்கொருக்க போன் அடிக்காவ. எல்லாத்தயும் அனுப்பி முடிச்சேன். ஒண்ணு விடாம. அந்த வாரம் ஹோல்டுல அறுநூறா நின்னது தொள்ளாயிரம் ஆச்சு. எண்ணத்தப் பாத்தேன். எண்ணத்தத்தான் பாக்க முடியும், தொள்ளாயிரத்தயும் தொறந்தா வாசிக்க?

அந்தத் திங்கக்கிழம பதினொண்ணு இருவதுக்குத்தான் அந்தப் பிள்ள மெயில் வந்திருக்கு.

முப்புடாதின்னு பேரு. கடைசி வருசம். சங்கரன்கோயில் பக்கம், அப்பா தறி ஓட்டுதவரு. அந்தத் தெருவுலயே காலேஜுக்கு வந்த மொதப் பிள்ளயாம். பொம்பளப் பிள்ளைக புகாருக்குன்னு இருக்க கமிட்டி மேடத்துக்கு எழுதியிருக்கு. லேபுல ஒரு வாத்தியாரு தன்கிட்ட என்ன சொன்னாரு, எந்தெந்தத் தேதியில சொன்னாருன்னு எழுதியிருக்கு. புகாருன்னா, சொன்னத அப்படியே எழுதணும்லா? கமிட்டி போர்டுலயே அப்படித்தான் போட்டிருக்கு, சொல்லப்பட்ட வார்த்தைகளை உள்ளபடி குறிப்பிடவும்னு. பிள்ள உள்ளபடி எழுதிருச்சு.

என் பட்டியல் புடிச்சு நிறுத்திருச்சு.

சர்வர் பிள்ளைக்கிட்ட 'கெடச்சுது'ன்னு சொல்லிருச்சு. பிள்ள காத்துக்கிட்டு இருந்திருக்கு. வியாழக்கிழம மறுபடி எழுதியிருக்கு, மேடம் என் மெயில் கெடச்சுதான்னு ஒரே ஒரு வரி. ஆனா பழைய மெயிலயே கீழ ஒட்ட வச்சு அனுப்பியிருக்கு. கீழ அந்த வார்த்தைக இருக்குல்லா? அதுவும் ஹோல்டுக்குப் போச்சு. அதுக்கும் 'கெடச்சுது'தான்.

இன்னும் ஒரு வாரம் பாத்திருக்கு. நடுவுல அதே லேப், அதே ஆளு. கமிட்டி மேடம் தெனமும் அது முன்னாலயே நடந்து போறாவ, ஒண்ணுமே தெரியாத மாதிரி. படிச்சிட்டுத்தான் பேசாம இருக்காவன்னு பிள்ள நெனச்சிருக்கு. நெனைக்கத்தான செய்யும்?

அப்புறம் ஒரு மூணாவது மெயில். அதுல கெட்ட வார்த்தையே இல்ல. "பரவாயில்லை மேடம். இனிமேல் தொந்தரவு பண்ண மாட்டேன்." அவ்வளவுதான். அது நாலு செகண்டுல போய்ச் சேந்துருச்சு அண்ணாச்சி. நான் நேரத்தப் பாத்தேன், நாலே செகண்டு. சர்வர்ல ஒரு கோளாறும் இல்ல.

தங்கபுஷ்பம் மேடம்தான் கமிட்டிக்குத் தலைவி. அவிய அதப் பாத்திருக்காவ. என்ன ஏதுன்னு புரியல. பரீட்ச நேரம், நூறு மெயில். பதில் போட்டாவ, "குறித்துக்கொண்டோம், நன்றி"ன்னு.

மறுநாள் அந்தப் பிள்ள ஹாஸ்டல காலி பண்ணிட்டுப் போயிருச்சு. பரீட்ச எழுதல.

ரெண்டு வாரம் கழிச்சு, பரீட்சைக்கு வராதவங்க பட்டியல்ல பேரப் பாத்ததும் மேடத்துக்கு எங்கயோ உறுத்தியிருக்கு. என் ரூமுக்கு வந்து, இந்தப் பிள்ள இதுக்கு முன்னால ஏதும் அனுப்பியிருக்கா பாருங்கன்னாவ. தேடுனேன். ரெண்டு மெயில், ஹோல்டு. எந்த வார்த்தையால நின்னுச்சுன்னு சர்வர் எழுதி வைக்கும். முன்னூத்தி நாலாவது வார்த்த, முன்னூத்தி ஒம்பதாவது வார்த்த. ரெண்டும் அந்தக் கடைசிப் பதினொண்ணுல உள்ளது. இருக்கலாம், தற்செயலாக்கூட இருக்கலாம். நான் என்ன ஜட்ஜா? மெயிலத் தொறந்தேன். மேடம் என் தோளுக்குப் பின்னால நின்னு வாசிச்சாவ. வாசிச்சிட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டாவ. ஆளு பேரு அதுல தெளிவா இருந்துச்சு. குற்றாலநாதன் சார்.

நேரா பிரின்சிபால்கிட்ட போனோம். அவிய பூரா வாசிக்கல, பாதியில நிறுத்திட்டாவ. எத்தன நாள் ஆச்சு எபனேசர்னு கேட்டாவ. இருபத்தஞ்சு சார்னேன். முப்பதுல தானா அழிஞ்சிரும்லான்னாவ. ஆமா சார். அப்படின்னா சிஸ்டம் பாத்துக்கிடட்டும், நீரு கை வைக்க வேண்டாம்னாவ.  மேடம் வெளிய வந்து, எனக்கு ரெண்டு வருசத்துல ரிட்டயர்மெண்டு எபனேசர்னாவ. அவ்வளவுதான் சொன்னாவ.

ராத்திரி பூரா இதான் ஓடுச்சு. நாளைக்கு வெளிய தெரிஞ்சா என்ன சொல்லுவாவ? மெயில் வரவே இல்லம்பாவ. சர்வர் தொலச்சிருச்சும்பாவ. எபனேசர் தொலச்சிட்டான்னு வரும். நான் தொலைக்கல. வந்த நேரம், நின்ன நேரம், எந்த வரிசையில நின்னுச்சு, எல்லாம் எங்கிட்ட இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன். அந்தப் பிள்ளக்காவது அது தெரியணும்லா? ஒன் மெயில யாரும் படிச்சிட்டுச் சும்மா இருக்கல, படிக்கவே இல்ல, அப்படின்னு சொன்னா அதுக்கும் ஆறுதலாத்தான இருக்கும்?

அதான் இன்னைக்குக் காலையில ரெண்டு மெயிலயும், நேரத்தோட, பிரிண்டு எடுத்து ஒரு கவர்ல போட்டுக்கிட்டு மொத பஸ்ஸப் புடிச்சேன்.

விசாரிச்சு வீட்டக் கண்டுபுடிக்க மத்தியானம் ஆயிருச்சு. இன்னைக்கு அங்க மாசாந்திரக் கரண்டு கட்டு. தறி ஒண்ணும் ஓடல, தெருவே அமைதியா கெடக்கு. அப்பா மட்டும் இருந்தாரு, சண்முகவேல்னு பேரு. பிள்ள தண்ணி எடுக்கப் போயிருக்குன்னாரு. காலேஜ்ல இருந்து வாரேன்னதும் நாற்காலியத் தொடச்சுப் போட்டாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு அண்ணாச்சி. பிள்ளைக்குப் படிப்பு மண்டையில ஏறலயாம் சார், பெயிலாயிருவேன்னு பயந்து வந்துட்டா, திட்டாதிய சார், நான் சொல்லி அனுப்பி வைக்கேன்னாரு.

எனக்குப் பாவமாப் போச்சு. அதெல்லாம் இல்லய்யா, பிள்ள நல்லாப் படிக்கிற பிள்ள, தப்பு பிள்ள மேல இல்ல, இந்தா பாருங்கன்னு கவர நீட்டிட்டேன். அவருக்குத் தெரியும்னு நெனச்சேன். பெத்த தகப்பன்கிட்ட சொல்லாமயா இருக்கும்? எனக்கு என் மக சொல்லுவா. சொல்லுவான்னுதான் நெனைக்கேன்.

அவரு தாளத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. தமிழத்தான் பிள்ள இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்கு. எனக்கு இது வாசிக்க வராது சார், நீங்களே வாசிங்கன்னு எங்கையில குடுத்தாரு.

நான் வாசிக்க ஆரம்பிச்சேன். மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்குன்னு ஆரம்பிச்சு, தேதி, லேப் நம்பர், அதுவர வாசிச்சேன். அடுத்த வரி வந்துச்சு. வாய் வரல. அத்தனையும் நானே தட்டச்சு பண்ணுன வார்த்ததான், வரல. சண்முகவேல் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காரு. என்ன சார் எழுதியிருக்கா, என்ன தப்பு பண்ணுனா எம்பிள்ளங்காரு.

வாசல்ல கொடத்தோட அந்தப் பிள்ள நின்னுச்சு. எப்ப வந்துச்சோ. எங்கையில இருந்த தாளப் பாத்துச்சு. கொடத்த எறக்கி வச்சுச்சு. நான் எந்திரிச்சு, வரிச, ஹோல்டு, முப்பது நாள் எல்லாத்தயும் வெளக்கிச் சொன்னேன். ஒன் மெயில் தொலையலம்மா, இருபத்தாறு நாளா எங்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அழுவும்னு நெனச்சேன், அழல.

"அத்தன பேர்கிட்டயும் போகாம நிறுத்தி வச்சீங்க. எங்கப்பாகிட்ட கொண்டாராமயும் நிறுத்தியிருக்கலாமே சார்" அப்படின்னுச்சு.

அது கோவத்துல சொன்னதுதான். சின்னப் பிள்ள. நான் நல்லதுக்குத்தான் போனேன் அண்ணாச்சி. வேற யாரு போனா? மேடம் போனாவளா? பிரின்சிபால் போனாவளா? என் வேலையப் பணயம் வச்சுப் போயிருக்கேன். இல்லையா? நீங்க சொல்லுங்க.

சரி. அப்பா, என்னம்மா அதுன்னு கேட்டாரு. பிள்ள எங்கையில இருந்து தாள வாங்குச்சு. உள்ள போயிரும், கிழிச்சிரும்னுதான் நெனச்சேன். அங்கயே நின்னு வாசிக்க ஆரம்பிச்சிருச்சு. மொத வரியில இருந்து. கொரல ஏத்தல, எறக்கல. நான் நிறுத்துன வரி வந்துச்சு. பிள்ள நிறுத்தல. அந்த ஆளு சொன்னது அத்தனையும், சொன்ன மாதிரியே, தகப்பன் முன்னால நின்னு வாசிச்சுச்சு. தறிச் சத்தம் இல்லையா, தெருவுக்கே கேட்டிருக்கும். எதுத்த வீட்டு அம்மா வெளிய வந்து நின்னுட்டு, அப்படியே உள்ள போயிட்டாவ. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

தகப்பன் செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுட்டாரு. வாசிச்சு முடிச்சும் திரும்பல.  அப்புறம் கொடியில கெடந்த சட்டைய எடுத்து மாட்டுனாரு. பொத்தான மாத்திப் போட்டாரு, பிள்ளதான் போய்ச் சரிபண்ணி விட்டுச்சு. "எங்கிட்ட ஏம்மா சொல்லல" அப்படின்னாரு. "இந்த வார்த்தையெல்லாம் ஒங்கிட்ட எப்படிப்பா சொல்ல" அப்படின்னுச்சு.  ரெண்டு பேரும் கெளம்பிட்டாவ.

அன்னா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல, வெள்ளச் சட்டையும் ஒரு ரெட்ட சடையும் தெரியுதுல்லா? அவியதான். மொதல்ல போலீஸ் ஸ்டேசனுக்காம், அப்புறம் காலேஜுக்காம். நானும் வாரேன், சாட்சி சொல்லுதேன்னேன். சண்முகவேல் கேட்ட மாதிரியே காட்டிக்கல. அதான் நான் பின்னால உக்காந்துட்டேன். ஸ்டேசன்ல கேட்டா சொல்லுவேன். குற்றாலநாதன் சார்தான் எனக்கு வேல வாங்கிக் குடுத்தாவ, இருந்தாலும் சொல்லுவேன். அந்தப் பதினொரு வார்த்தையயும் கேட்டா சொல்லுவேன். கேக்கலன்னா நானா எப்படிச் சொல்ல? பாப்போம்.

இல்ல, எனக்கு இப்ப அது இல்ல அண்ணாச்சி பயம்.

நீங்க ஏறுததுக்குக் கொஞ்ச முந்தி, அந்தப் பிள்ள எந்திரிச்சு எங்கிட்ட வந்துச்சு. கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மன்னிப்பு கிண்ணிப்பு கேக்க வருதோ, இல்ல திட்டத்தான் வருதோன்னு நான் நெளிஞ்சேன். "சார், அந்த ஹோல்டுல என்ன மாதிரி வேற யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேட்டுச்சு.

தெரியலம்மான்னேன்.

"இதுக்கு முன்னால இருந்தாங்களா?"

நான் டிக்கெட்டத் தேடுத மாதிரி பாக்கெட்டுக்குள்ள கைய விட்டேன். அது தன் சீட்டுக்குத் திரும்பிப் போயிருச்சு.

மூணு வருசம் அண்ணாச்சி. கமிட்டிக்கு எழுதணும்னா அந்த வார்த்தைகள எழுதித்தான ஆகணும்? மூணு வருசத்துல கமிட்டிக்கு ஒரு புகார் கூட வரலன்னு ஆண்டு விழாவுல பிரின்சிபால் பெருமையாச் சொன்னாவ. நாங்கூட கை தட்டுனேன். தெனமும் நாலு மணிக்கு இருவது, முப்பதுன்னு அழிஞ்சிருக்கு. அதுல எத்தன பேருன்னு நான் எங்க போய்த் தேட? பேரு கூட மிஞ்சாது.

இப்ப தொள்ளாயிரம் இருக்கு. அதத் தொறந்து பாத்துரலாம், பாத்துருவேன், இன்னைக்கே ஒக்காந்து ஒண்ணு விடாம வாசிச்சிருவேன். ஆனா ஹால் டிக்கெட் வாரத்துக்கு முந்தி வந்து நிக்கதெல்லாம் மூணு நாலு நாளைக்குள்ள அழிஞ்சு போறது. இன்னைக்கு நாலு மணிக்கு ஒரு கட்டு போயிரும். போன்ல இருந்து நிறுத்த முடியாது. வெளிய இருந்து எவனும் உள்ள நுழையக்கூடாதுன்னு நாந்தான் அடச்சு வச்சிருக்கேன். ரூம் சாவி எங்கிட்ட, பாஸ்வேர்டு எங்கிட்ட. பிரின்சிபால்கிட்ட சொன்னா நிறுத்துவாவளா?

மணி என்ன அண்ணாச்சி? ரெண்டே முக்காலா? இறங்கி அங்கருந்து டவுன் பஸ் மாறணும், அது ஒரு அரமணி நேரம். ஸ்டேசனுக்கு இவிய கூடப் போனா முடியாது. போகலன்னா, பாத்தியா ஓடிட்டான்னு நெனைப்பாவ. போய் அந்தப் பிள்ளகிட்ட சொல்லிருவமா, நான் நேரா காலேஜுக்குப் போறேன், அதுக்காகத்தான் போறேன்னு? நம்புமா?

நீங்க கொஞ்சம் எந்திரிங்க அண்ணாச்சி, வழி விடுங்க. டிரைவர்கிட்ட கொஞ்சம் வெரசா ஓட்டச் சொல்லிட்டு வாரேன்.